ஐம்பத்தாறு எழுதிய சீட்டு

காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். ரங்கத் பஸ் நிலையத்தில் நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. நான் முதலில் பார்த்தது ஒரு சாவியை. அதன் முனை, நுழைய வேண்டிய துளைக்கு இடப்பக்கம் ஒரு தடவை, மேலே ஒரு தடவை, மறுபடியும் இடப்பக்கம் என்று தட்டிக்கொண்டிருந்தது. நான்காம் தடவை உள்ளே போயிற்று. அதற்குள், சாவி வைத்திருந்த வலக்கையின் மணிக்கட்டை இடக்கை இறுகப் பிடித்திருந்தது.

கைகள் இரண்டும் என் அத்தானுடையவை. அக்காவின் கணவர். அரசு பஸ்ஸில் பத்தொன்பது வருடமாக டிரைவர். ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போகும் ஐந்தேகால் வண்டியை ஊரில் அவருடைய வண்டி என்றே சொல்வார்கள். நான் அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

“க்யா உஸ்தாத், சாவிக்கு வழி மறந்துபோச்சா?” என்றார் படியில் நின்ற கண்டக்டர். ரங்கத் பக்கத்து வங்காளி விவசாயக் குடும்பம் அவருடையது. பத்து வருடம் அத்தானோடு ஓடியதில் தமிழும் ஓரளவு வந்துவிட்டது. அத்தானை அவர் உஸ்தாத், அதாவது ஆசான், என்பார்; அத்தான் அவரை வங்காளி வழக்கப்படி தாதா, அதாவது அண்ணன், என்பார்.

“சும்மா இரு தாதா. சாவி தேஞ்சு கிடக்கு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. கேலியைச் சொல்லிவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தார். சாவி தேய்ந்திருக்கவில்லை. பற்கள் கூர்மையாக இருந்தது எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததற்குக் காரணம் அக்கா. சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது போர்ட் பிளேர் டாலிகஞ்சில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன் நான். பத்து நாளுக்கு முன் அக்கா போன் செய்தாள்.

“குடிக்கிறாரானு டிப்போவுல கேக்குறாங்களாம்டா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல மொத தடவையா அவர் வாய மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல.”

“பின்ன என்ன?”

“தெரியல. சட்டைப் பொத்தான் போட முடியல. ராத்திரி தூக்கமில்ல. நேத்து சம்பளத் தேதி என்னன்னு என்கிட்ட கேக்குறார். அடுத்த மாசம் மெடிக்கல் இருக்கு. அதுல நிறுத்திட்டாங்கன்னா இந்த மனுசனுக்கு வேற என்னடா தெரியும்? நீ ஒரு தடவ அவர் வண்டியில உக்காந்து வந்து பாரு. நீதான் எதையும் நல்லா பாப்பியே.”

டிரைவர்களுக்கு நடக்கும் உடல் தகுதிச் சோதனையைத்தான் அவள் மெடிக்கல் என்றாள். தேறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. டிப்போ மேலாளர் ஒரு முறை வாயால் எச்சரித்துவிட்டார். கண்டக்டர் இன்னும் புகார் எழுதிக் கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பார்த்தேன். சாவியைப் பார்த்தேன். வண்டி கிளம்பியபோது கியர் மாற்றும் கை இரண்டு தடவை காரணமில்லாமல் துள்ளியதைப் பார்த்தேன். முதல் அரை மணியில் ஏழு என்று எண்ணி மனதில் வைத்துக்கொண்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அன்று வண்டியில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

அத்தானின் வயிற்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இதற்கு ஆறு மாதம் முன்பு அவருக்கு அல்சர் என்று கண்டுபிடித்தார்கள். விடிவதற்கு முன் வெறும் வயிற்றில் டீ, பதினொரு மணிக்குப் பரோட்டா, மாலை வரை வேறொன்றும் கிடையாது. பல வருடம் இப்படி ஓடியவர். குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புண்ணும் அதற்குக் காரணமான கிருமியும் இருந்தன. டாக்டர் நான்கு மருந்து எழுதினார். இரண்டு கிருமியைக் கொல்பவை, ஒன்று அமிலத்தைக் குறைப்பது. நான்காவது பிஸ்மத் மாத்திரை. அது புண்ணின் மேல் ஒரு பூச்சு போலப் படிந்து ஆற விடும், கிருமியையும் பலவீனப்படுத்தும். நாளைக்கு நான்கு வீதம் பதினான்கு நாள். மொத்தம் ஐம்பத்தாறு.

முதல் மூன்றும் ரங்கத்திலேயே கிடைத்தன. பிஸ்மத் அந்த வாரம் ரங்கத்தில் இல்லை, போர்ட் பிளேரில் நான் விசாரித்த கடைகளிலும் இல்லை. சரக்கு கப்பலில் வர வேண்டும் என்றார்கள். நான் மறுநாள் சென்னைக்குப் புறப்பட இருந்தேன். எனவே சீட்டு என்னிடம் வந்தது.

தீவில் இது வழக்கம். மெயின்லேண்ட் போகிறவரிடம் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிடுவோம். மூக்குக் கண்ணாடி, மிக்ஸி ஜார், மருந்து எல்லாம் அவர் பொறுப்பு. திரும்பும்போது பொருள் வரும், சீட்டு பெரும்பாலும் வராது. டாக்டர் சொன்னது என்ன என்பது பிறகு வாங்கி வந்தவரின் வாய்ச்சொல்தான். இன்னொரு வழக்கமும் உண்டு. எழுதிய அளவு மட்டும் வாங்கி வருகிறவனை யாரும் மெச்ச மாட்டார்கள். கப்பல் ரத்தாகும், புயல் எச்சரிக்கை வரும், கடையில் தீர்ந்துபோகும். கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்தி என்று எல்லாருக்கும் தோன்றும்.

அக்காவும் போனில் அதையே சொன்னாள். “நிறையவே வாங்கிட்டு வாடா. தீந்துபோனா அப்புறம் யாரு கால்ல போய் விழுறது?”

சென்னையில் மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஐம்பத்தாறுதானே?” என்றார்.

“இல்ல, அந்தமானுக்கு.”

“அப்படியா. இருக்குறத எல்லாம் எடுத்துத் தரேன்.”

அவரிடம் இருந்தது போதாமல் இன்னும் இரண்டு கடை ஏறினேன். அறுநூறு மாத்திரை வாங்கினேன். காலாவதித் தேதி இரண்டு வருடம் தள்ளி இருக்கிறதா என்று ஒவ்வோர் அட்டையிலும் பார்த்தேன். அந்தக் கவனத்தைப் பற்றி அப்போது எனக்குத் திருப்தியாக இருந்தது.

கப்பலில் வரும்போது அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினேன். மூடியில் வெள்ளைத் தாள் ஒட்டி மார்க்கர் பேனாவால் எழுதினேன். ‘தினம் 4. சாப்பாட்டுக்கு அரை மணி முன் 3, படுக்கும்போது 1. பால் கூடாது. நாக்கும் மலமும் கறுக்கும், பயம் வேண்டாம்.’ முதலில் ‘14 நாள் மட்டும்’ என்றும் இருந்தது. எழுத்து பெரிதாகிவிட்டதால் கடைசி வரி மூடியின் விளிம்பில் மடங்கியது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பத்திரிகையில் இடம் போதாதபோது ஒரு செய்தியிலிருந்து எந்த வரியை எடுத்தால் பொருள் கெடாது என்று பார்த்து எடுப்பது என் வேலையாக இருந்தது. நாள் கணக்கு அவர்களுக்கே தெரியும் என்று நினைத்து அந்த வரியை எடுத்தேன். சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்து சலவைக்குப் போய்க் கூழாகிவிட்டது.

மருந்து வேலை செய்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். பத்தாம் நாள் அத்தான் காரக்குழம்பு கேட்டாராம். பதினான்காம் நாள் மற்ற மூன்று மருந்தும் தீர்ந்தன, ஏனென்றால் அவற்றை எண்ணித்தான் கொடுத்திருந்தார்கள். பிஸ்மத் தீரவில்லை. ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்த டாக்டரிடம், வலி இல்லை என்பதால் அவர் போகவில்லை. மூடியில் தினம் நான்கு என்று இருந்தது. அவர் தினம் நான்கு சாப்பிட்டார்.

நாக்கு கறுத்தது. மாத்திரையில் உள்ள பிஸ்மத், வாயிலும் குடலிலும் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. கெடுதல் இல்லை, நிறுத்தினால் போய்விடும். கண்டக்டர் அவரை, “உஸ்தாத், ஸ்யாஹி குடிச்சியா?” என்று கேட்பாராம். ஸ்யாஹி என்றால் மை. அத்தான் நாக்கை நீட்டிக் காட்டுவார். கறுத்திருந்தால் மருந்து பிடிக்கிறது என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். பயம் வேண்டாம் என்று மூடியில் எழுதியிருந்தது.

பஸ் அன்று மிடில் ஸ்ட்ரெய்ட் துறைக்கு வந்தபோது எட்டு முப்பத்தைந்து. அங்கே கடல் கால்வாய் போலக் குறுக்கே வருகிறது. வண்டிகள் ஃபெர்ரியில் ஏறி அக்கரை போக வேண்டும். ஃபெர்ரியில் ஏற்றும் முன் பயணிகள் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். டிரைவர் மட்டும் வண்டியில் இருப்பார். சரிவான இரும்புப் பலகை வழியாக, இரண்டு பக்கமும் ஒன்றரை அடிகூட மீதி இல்லாமல், வண்டியை மெல்ல இறக்கி ஏற்ற வேண்டும். அத்தான் இதைப் பத்தொன்பது வருடமாகச் செய்கிறார்.

நாங்கள் நாற்பத்தொரு பேரும் கரையில் நின்றோம். ஃபெர்ரியின் லஸ்கர், கயிறு கட்டி வண்டிகளை ஏற்றிவிடும் தொழிலாளி, பின்னால் நடந்தபடியே கையைக் காட்டினார். “ஆனே தோ, ஆனே தோ” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வர விடு, வர விடு. முன் சக்கரங்கள் பலகையில் ஏறின. அப்போது வண்டி ஒரு முறை முன்னால் குதித்தது. இடது சக்கரம் பலகையின் விளிம்புப் பக்கம் திரும்பியது.

“ரோக்கோ! அரே ரோக்கோ!”

வண்டி நிற்கவில்லை. இன்னொரு குதி. லஸ்கர் பக்கவாட்டில் தாவினார். கண்டக்டர் ஓடிப்போய் திறந்திருந்த கதவு வழியாக ஏறி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். வண்டி நின்றது. போய்ப் பார்த்தேன். இடது முன் சக்கரத்தின் வெளிப்பாதி பலகைக்கு வெளியே இருந்தது. கீழே பச்சைத் தண்ணீர்.

அத்தான் இறங்கி வந்தார். நடக்கும்போது கால்களை அகட்டி, படகில் நடப்பவர் போல நடந்தார். அவர் நடந்தது கெட்டித் தரையில்.

“பிரேக்க மிதிச்சேன் மாப்ள,” என்றார் என்னிடம். “மிதிச்சேன். கால் தானா எகிறிருச்சு.”

 கரையில் நின்ற ஒரு நடுத்தர வயதுக்காரர், “காலையிலேயே ஊத்திக்கிட்டா இப்படித்தான்,” என்றார். கண்டக்டர் அவர் பக்கம் திரும்பி, “வாயை மூடு, சாப். பத்து வருசமா கூட ஓடுறேன். எனக்குத் தெரியும்,” என்றார். வரிசையில் பின்னால் நின்ற லாரியின் டிரைவர் தெலுங்குக்காரர், ஒரு வார்த்தை கேட்காமல் பஸ்ஸில் ஏறி அதைப் பின்னுக்கு எடுத்து, நேராக்கி, ஃபெர்ரிக்குள் கொண்டுபோய் வைத்தார். அக்கரையிலிருந்து மாற்று டிரைவர் ஒருவர் ஓட்டினார். அத்தான் என் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்து வந்தார். காட்டு வழி முழுவதும் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

போர்ட் பிளேரில் இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மறுநாள் அக்கா வந்து சேர்ந்தாள். டாக்டர், வேலூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அத்தானை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்தைத் தொட்டது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடிப்பாரா?”

“இல்ல,” என்றாள் அக்கா, கேள்வி முடியும் முன்பே.

“என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?”

“ஒண்ணும் இல்ல டாக்டர். சுகர் இல்ல, பிபி இல்ல.”

“எதுவுமே இல்லையா?”

“எதுவுமே இல்ல.” அக்கா என்னைப் பார்த்தாள். நானும் இல்லை என்று தலையசைத்தேன்.

அந்த நேரம் மாத்திரை அட்டை ஒன்று அத்தானின் சட்டைப் பையில் இருந்தது.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தில், சிறுநீரகம் சற்றுச் சோர்ந்திருப்பதாகத் தெரிந்தது. மூன்று நாளாக மலம் போகவில்லை, வயிறு உப்புகிறது என்று அத்தான் சொன்னதால் மறுநாள் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். பெருங்குடல் இருக்கும் இடம் முழுவதும் வெள்ளைப் பொடி தூவியதுபோல இருந்தது. எலும்பைவிட வெளுப்பு.

“இது உலோகம்,” என்றார். “சமீபத்துல வயித்துப் படத்துக்குன்னு வெள்ளையா மருந்து எதாவது குடிக்கக் கொடுத்தாங்களா?”

“இல்லையே.”

“வேற எதையோ சாப்பிடுறார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “கேஸ் மாத்திரை ஒண்ணு போடுவார். அது மருந்துல சேத்தியா டாக்டர்?” என்று கேட்டாள்.

அத்தான் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். வாங்கிப் படித்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“நாக்க நீட்டுங்க.”

நீட்டினார்.

“எத்தனை நாளா?”

“தம்பி வாங்கிட்டு வந்ததுல இருந்து,” என்றாள் அக்கா. “அஞ்சு மாசம் இருக்கும்.”

மறுநாள் மாலை கண்டக்டர் அந்த டப்பாவை பஸ்ஸில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அத்தான் பையில் இருந்த அட்டையையும் சேர்த்து நான் மீதியை எண்ணினேன். நாற்பத்து நான்கு. ஐந்நூற்று ஐம்பத்தாறு உள்ளே போயிருந்தது. டாக்டர் மூடியை வாசித்தார்.

“யார் எழுதினது?”

“நான்.”

“தெளிவா எழுதியிருக்கீங்க. எத்தனை நாள்ங்கறதுதான் இல்ல.”

 அக்கா அந்த மூடியை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல வாங்கிப் பார்த்தாள்.

டாக்டர் விளக்கினார். எங்களிடம் கோபப்படவில்லை. கன உலோகங்களில் சாதுவானது என்று பெயர் எடுத்தது பிஸ்மத். ஈயம், பாதரசம் மாதிரி இல்லை. விழுங்குவதில் பெரும்பகுதி ரத்தத்தில் கலக்காமல் குடல் வழியே போய்விடும். எக்ஸ்ரேயில் தெரிந்தது அதுதான். மிகச் சிறிய பங்கு மட்டும் உள்ளே போகும், அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். இரண்டு வாரச் சிகிச்சையில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மாதக்கணக்கில் இடைவெளி இல்லாமல் போனால், அதிலும் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால், வெளியே போவதைவிடச் சேர்வது அதிகமாகும். மூளைக்கும் போகும். முதலில் தூக்கம் கெடும், மறதி வரும். பிறகு நடுக்கம், கைகால் தானாகத் துள்ளுவது, தள்ளாட்டம். பார்ப்பவர்களுக்குக் குடித்தவர் மாதிரித்தான் தெரியும்.

“தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?” என்று அத்தானைக் கேட்டார்.

“டூட்டியில குடிக்கறதில்லம்மா. ஜார்வா பழங்குடி காட்டுக்குள்ள போலீஸ் காவலோட வரிசையா கான்வாய்ல போறப்ப வண்டிய எங்கயும் நிறுத்த முடியாது. குடிச்சா இறங்கணுமே. அதனால பஸ் ஓட்டுறவங்க யாரும் குடிக்கறதில்ல.”

“பத்தொன்பது வருசமாவா?”

“ஆமா.”

டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். பிஸ்மத் அளவு பார்க்க ரத்தம் எடுத்து விமானத்தில் சென்னை ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. ஆபத்தில்லை என்று சொல்லப்படும் எல்லையைப் போலப் பல மடங்கு இருந்தது.

“சரியாயிருமா?” என்று அக்கா கேட்டாள். “வண்டி ஓட்டுவாரா?”

“மருந்தை நிறுத்தினதே வைத்தியம். பெரும்பாலும் சரியாயிரும். எத்தனை வாரம்னு என்னால சொல்ல முடியாது. ஓட்டறதப் பத்தி இப்ப பேச வேண்டாம்.”

தகுதிச் சோதனைக்கு அப்போது இருபத்தொரு நாள் இருந்தது. டாக்டரின் கடிதத்தை வைத்து டிப்போவில் மூன்று மாதம் தள்ளி வாங்கினோம். அதற்கும் மேல் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மூன்று மாதமும் அத்தானும் அக்காவும் டாலிகஞ்சில் என் வீட்டில் இருந்தார்கள். முதல் இரண்டு வாரம் மாற்றமே இல்லை. கரண்டி தட்டில் படபடவென்று அடித்தது. அவர் தண்ணீர் குடிக்கும்போது அக்கா டம்ளரின் அடியைப் பிடித்துக்கொள்வாள். மூன்றாம் வாரம் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினார். நான்காம் வாரம் நாக்கு சிவந்தது. ஆறாம் வாரம் ஒரு நாள், நான் அனுப்பப்போகும் கட்டுரையை வாசித்துவிட்டு, “மாப்ள, மாயாபந்தர்ல இருந்து ரங்கத் எழுவத்தி ரெண்டுன்னு போட்டிருக்க. தப்பு. என் காலுக்குத் தெரியும் எவ்வளவு தூரம்னு,” என்றார். நான் திருத்தினேன். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குழாய் வெகு நேரம் திறந்திருந்தது.

அவள் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

“அவரு எந்த டாக்டர் சொன்னதையும் முழுசா செஞ்சதில்லடா. நீ எழுதினதுனால ஒரு நாள் விடாம சாப்பிட்டார். நான் மறந்தாகூட அவரே எடுத்துப்பார். ‘உன் தம்பி விசாரிக்காம எழுத மாட்டான்’னு சொல்வார்.”

அவள் மடித்ததை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

அந்த மாதங்களில் இந்த மருந்தைப் பற்றிப் படித்தேன், டாக்டரிடமும் கேட்டேன். கறுப்பு மலம் கெடுதல் இல்லை என்பது பாதி உண்மைதான். குடலில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும், தார் போல ஒட்டும், நாறும். மாத்திரையின் கறுப்பு என்று நினைத்து அதைத் தவறவிட்டவர்கள் உண்டு. மாத்திரையை நிறுத்திச் சில நாளாகியும் கறுப்பு போகவில்லை என்றால், கூடவே தலைசுற்றலோ களைப்போ இருந்தால், உடனே போய்க் காட்ட வேண்டும். அஜீரணத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் சப்பிச் சாப்பிடும் பிஸ்மத் வில்லை வேறு வகை. அதில் ஆஸ்பிரினுக்கு உறவான ஒரு பொருள் கலந்திருக்கிறது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் அதைத் தொடக் கூடாது. காய்ச்சலில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் காய்ச்சல் இல்லாத வீடு குறைவு. கிருமிக்காக எழுதப்படும் வேறு சில மருந்துகளை இந்த மாத்திரை உறிஞ்ச விடாமல் தடுக்கும், அதனால் எது எப்போது என்று கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கராச்சர்மாவிலிருந்து எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒப்பந்த வேலை எடுப்பவர். “அண்ணே, உங்க வீட்டுல அந்தக் கேஸ் மாத்திரை நிறைய இருக்காமே. ரெண்டு அட்டை கொடுங்க, கப்பல் வந்ததும் திருப்பித் தரேன்,” என்றார். மீதி நாற்பத்து நான்கையும் ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். “அரே, நல்ல மருந்தாச்சேண்ணே! வீணாக்கிட்டீங்களே,” என்றார். உள்ளேயிருந்து அத்தான் வந்து தன் வலக்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். அப்போது ஒன்பதாம் வாரம். விரல் நுனிகளில் மட்டும் லேசாக ஆட்டம் இருந்தது. வந்தவர் அதையும் பார்த்தார், அத்தானையும் பார்த்தார். டீ குடிக்காமலே போய்விட்டார்.

பன்னிரண்டாம் வாரம் டாக்டர் மறுபடி சோதித்தார். விரல் மூக்கைத் தொட்டது. அத்தான் நூறிலிருந்து இரண்டு வரை ஏழேழாகக் கழித்து முடித்து, “இன்னும் போகணுமா?” என்று கேட்டார். கோட்டின் மேல் நேராக நடந்தார். தகுதிச் சோதனையில் மருத்துவக் குழு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. வண்டி ஓட்டத் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுத் தன் கைப்பையில் வைத்தாள்.

அன்று மாலை மூவரும் ரங்கத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அத்தான் என்னிடம் வந்து, “மாப்ள, ஒரு விண்ணப்பம் எழுதணும்,” என்றார்.

“எதுக்கு?”

“டிக்கெட் கவுண்டருக்கு மாத்தச் சொல்லி.”

அக்கா நிமிர்ந்தாள். “பாஸாயிட்டு யாராவது கவுண்டர் கேப்பாங்களா? மூணு மாசம் நான் எதுக்கு உங்க டம்ளர பிடிச்சுக்கிட்டு நின்னேன்? கை நேரா இருக்குல்ல?”

“இருக்கு.”

“டாக்டர் எழுதிக் கொடுத்தாங்கல்ல?”

“கொடுத்தாங்க.”

“அப்புறம் என்ன? கவுண்டர்ல உக்காந்து சில்லறை எண்ணவா பத்தொன்பது வருசம் ஓட்டுனீங்க?”

அத்தான் கட்டிலில் உட்கார்ந்தார். பெட்டியில் இருந்த தன் காக்கிச் சட்டையை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“ஃபெர்ரியில ஏத்துனப்ப ஆளுங்க இறங்கி நின்னாங்க,” என்றார். “அதுக்கு முன்னால ரங்கத்துல இருந்து அவ்வளவு தூரம் வளைவுல வந்தேனே. அப்ப எல்லாரும் உள்ளதான இருந்தாங்க. இவனும் இருந்தான்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் எப்போதும் சொல்லாத ஒன்று, அந்த வழியில் கை துள்ளியதை நான் எண்ணிக்கொண்டு வந்தது, அப்போது என் நினைவுக்கு வந்தது. அதை அப்போதும் சொல்லவில்லை.

“டாக்டர் சொல்றது சரியா இருக்கும்,” என்றார் அத்தான். “ஆனா மறுபடி கெட்டா எனக்கே அது தெரியாதுல்ல. அஞ்சு மாசம் நான் நல்லாத்தான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டுனேன்.”

அக்கா அவர் கையிலிருந்த காக்கிச் சட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, “எழுதிக் கொடுடா,” என்றாள்.

எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. எந்த வரியையும் எடுக்கவில்லை. அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பத்தை டிப்போவில் எட்டு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ரங்கத்திலிருந்து புறப்படும் ஐந்தேகால் பஸ்ஸை இப்போது டிக்ளிப்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர் ஓட்டுகிறார்.